பகலில் டிசைன், இரவில் கேம்: ஒரே மானிட்டரை வாங்கிச் சரிசெய்த கதை

பழைய மானிட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று என்னை முடிவெடுக்க வைத்தது ஒரு மஞ்சள் கட்டம். ஒரு சின்னக் கையேடு டிசைன் செய்து அனுப்பியிருந்தேன். "எல்லாம் நல்லா இருக்குங்க. ரெண்டாம் பக்கத்துல எழுத்துக்குப் பின்னாடி மட்டும் ஏன் மஞ்சளா ஒரு கட்டம் தெரியுது?" என்று வாடிக்கையாளர் கேட்டார். என் ஸ்கிரீனில் கட்டமும் இல்லை, மஞ்சளும் இல்லை. போனில் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. 255, 252, 240 என்ற நிறத்தில் ஒரு லேயர், எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டு நீக்க மறந்தது, அப்படியே கிடந்தது. அதற்கும் சுத்த வெள்ளைக்கும் என் மானிட்டர் வித்தியாசமே காட்டவில்லை.

அன்று இரவே ஒரு சோதனை செய்தேன். 128, 128, 128 என்ற நடுத்தரச் சாம்பலில் ஒரு பட்டையை ஸ்கிரீனின் மேல் ஓரத்திலும், அதே பட்டையின் நகலைக் கீழ் ஓரத்திலும் வைத்தேன். மேலே இருந்தது சற்று இருட்டாகவும் கீழே இருந்தது வெளுத்தும் தெரிந்தது. நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் இரண்டுமே மாறின. 24 அங்குலம், 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ், டிஎன் பேனல். நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பேனல் உண்மையைச் சொல்லும். அதுவும் பாதி உண்மை. அந்தக் காலத்து மலிவான டிஎன் பேனல்கள் பலவும் 6 பிட் வகை. ஒரு நிறத்துக்கு 64 படிகள்தான் உண்டு. மிச்சத்தை வேகமாக மின்ன வைத்து ஒப்பேற்றும். இத்தனை வருடம் இதை நம்பித்தான் நிறம் பார்த்துக் கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என் தேவை இதுதான்: பகலில் எட்டு மணி நேரம் டிசைன் வேலை, பெரும்பாலும் திரைக்கானது, எப்போதாவது அச்சுக்கு. இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் தம்பியோடு கேம். மேசையில் இரண்டு பெரிய மானிட்டருக்கு இடமில்லை, ஒன்றுதான் வர வேண்டும். தம்பியிடம் கேட்டது தப்பாகப் போயிற்று. "அண்ணா, ஓஎல்இடி எடு. 240 ஹெர்ட்ஸ். வேற எதையும் பார்க்காத" என்றான். டிசைன் செய்யும் நண்பர் ஒருவரோ, "4கே இல்லாம வேலை பார்க்கறதே வேஸ்ட்" என்றார். இருவர் சொல்வதும் அவரவர் வேலைக்குச் சரி.

ஓஎல்இடியை நான் உடனே தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு என்றால் கறுப்புதான். பிக்சல் நிறம் மாறும் வேகத்தை எல்சிடி எட்டவே முடியாது. ஆனால் என் ஸ்கிரீனில் பகல் முழுக்க இடது ஓரத்தில் டூல்பார், வலது ஓரத்தில் லேயர் பட்டியல், மேலே மெனு. இவை இம்மியும் நகராது. ஒரே இடத்தில் ஒரே படம் வருடக்கணக்கில் நின்றால் ஓஎல்இடியில் தழும்பு விழும். அதைத் தடுக்கப் பல ஏற்பாடுகள் இப்போது இருந்தாலும், கேமுக்கு மட்டும் என்றால் எடுத்திருப்பேன், எட்டு மணி நேர டூல்பாருக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. பல ஓஎல்இடி மானிட்டர்களில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்கள் வழக்கமான வரிசையில் இருக்காது. அதனால் பொடி எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக்கோடு தெரியும். படம் பார்க்கும்போது தெரியாது. எழுத்துருவைப் பெரிதாக்காமல் பார்க்கும்போது தெரியும். என் பிழைப்பே எழுத்துரு.

மிச்சமிருந்தவை எல்சிடியில் டிஎன் அல்லாத இரண்டு வகைகள்: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலுக்குக் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி, நல்லது. சாதாரண ஐபிஎஸ் 1000:1 அளவில் நிற்கும்போது விஏ 3000:1 வரை சுலபமாகப் போகும். ஆனால் இருட்டான நிறத்திலிருந்து இன்னொரு இருட்டான நிறத்துக்கு மாறப் பலவற்றுக்கும் நேரம் பிடிக்கும்; இருண்ட காட்சியில் ஆள் நகர்ந்தால் பின்னால் கறை இழுத்துக்கொண்டே போகும். தலையை அசைத்தால் அடர் நிறங்களும் லேசாக மாறும். பெரும்பாலும் வளைந்த வடிவில்தான் கிடைத்தன. நேர்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவனுக்கு வளைந்த ஸ்கிரீன் எதற்கு? ஆக ஐபிஎஸ். கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

அளவும் ரெசல்யூஷனும் அடுத்த சண்டை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 அங்குலத்தில் 1920 × 1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல். என் பழைய 24 அங்குலத்திலேயே 92 இருந்தது. ஆக பெரிதாக வாங்கி மட்டமாகப் பார்ப்பதுதான் மிச்சம். 2560 × 1440 என்றால் 109. 4கே, அதாவது 3840 × 2160, என்றால் 163. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் 4கே என்பது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல், 1440 என்பது 37 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிராபிக்ஸ் கார்டு 2.25 மடங்கு பிக்சலை வரைய வேண்டும். என் கார்டு நடுத்தரம். 4கே மானிட்டரில் கேமை 1440-க்கு இறக்கி ஆடலாமே என்று நண்பர் சொன்னார். ஆடலாம். ஆனால் 1440 பிக்சலை 2160-இல் பரப்பும்போது ஒன்றுக்கு ஒன்றரை என்று வரும். படம் லேசாகக் கலங்கும். 27 அங்குலம், 1440 என்று முடித்துக் கொண்டேன். விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் வைக்காமல் அப்படியே வேலை செய்ய 109 எனக்கு வசதியான அடர்த்தி.

ரெஃப்ரெஷ் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பதில், தம்பியோடு கொஞ்ச நேரம் வாதம். அவனுக்கு ஹெர்ட்ஸைக் காட்டாமல் மில்லி செகண்டைக் காட்டினேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144-இல் 6.9. 165-இல் 6.1. 240-இல் 4.2. அதாவது 60-இலிருந்து 165-க்குப் போனால் 10.6 மில்லி செகண்ட் மிச்சம். அங்கிருந்து 240-க்குப் போனால் இரண்டுகூட இல்லை. அதுவும் கார்டு அத்தனை ஃபிரேம் கொடுத்தால்தான். "போட்டியில ஆடறவங்களுக்கு அந்த ரெண்டும் முக்கியம் அண்ணா" என்றான். நியாயம்தான். நாங்கள் போட்டியில் ஆடுகிறவர்கள் இல்லை. ஃபிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழியாமலிருக்க அடாப்டிவ் சிங்க் மட்டும் கட்டாயம் என்று வைத்தேன். மானிட்டர் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-இல் கொண்டு வந்த முறை அது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் அதை ஏற்றுக் கொள்வதால், தனிச் சிப் வைத்த விலை கூடிய மாடலைத் தேட வேண்டியதில்லை.

இதுவரை எல்லோரும் பார்ப்பதுதான். நான் அதிக நேரம் செலவழித்தது வேறோர் இடத்தில், பெட்டியின் மேல் யாரும் அச்சடிக்காத ஒரு விஷயத்தில்: எஸ்ஆர்ஜிபி மோடைப் போட்டால் பிரைட்னஸை மாற்ற விடுகிறதா?

ஏன் இது முக்கியம் என்று சொல்கிறேன். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்று வரையறுக்கும் அளவுதான் எஸ்ஆர்ஜிபி; 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்து 1999-இல் சர்வதேசத் தரமானது. இணையத்தில் கிடக்கும் படங்களில் பெரும்பாலானவை இன்னமும் அந்த அளவில்தான். இப்போதைய கேமிங் மானிட்டர்கள் பலவும் அதைவிடப் பெரிய, சினிமாவுக்கென வகுத்த டிசிஐ-பி3 நிறப் பரப்பில் 90, 95 சதவீதம் காட்டுவதாகப் பெருமையோடு வருகின்றன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஃபைலில் "சிவப்பு 255" என்று இருந்தால், அது எஸ்ஆர்ஜிபியின் உச்சச் சிவப்பு. நிற மேலாண்மை இல்லாத மென்பொருள் அந்த 255-ஐ அப்படியே மானிட்டரிடம் தள்ளிவிடும். மானிட்டர் தன்னுடைய உச்சச் சிவப்பைக் காட்டும். சின்னப் படியில் அளந்து சொன்ன கணக்கைப் பெரிய படியில் அளந்து கொட்டுவது போல. தக்காளி நியான் விளக்காகும், முகமெல்லாம் வெயிலில் சிவந்த மாதிரி ஆகும். இதைத் தடுக்கத்தான் மானிட்டருக்குள்ளேயே எஸ்ஆர்ஜிபி மோடு வைக்கிறார்கள்.

வைத்துவிட்டு, அந்த மோடில் பிரைட்னஸைப் பூட்டி விடுகிறவர்களும் உண்டு! நான் முதலில் மனதில் குறித்து வைத்திருந்த மாடலின் விமர்சனங்களை வரிவிடாமல் படித்தபோதுதான் கவனித்தேன்: எஸ்ஆர்ஜிபி மோடில் பிரைட்னஸ் 250 நிட்டில் (நிட் என்பது பிரைட்னஸின் அலகு) நின்றுவிடும், நகராது. நான் வேலை செய்வது 120 நிட்டில். 250 என்றால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்ததும் டியூப் லைட்டை முறைத்துப் பார்ப்பது போல இருக்கும். மற்ற எல்லாவற்றிலும் பாஸான அந்த மாடலைக் கைவிட்டேன். எடுத்த மாடலில் எஸ்ஆர்ஜிபி மோடிலும் பிரைட்னஸையும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் மாற்றலாம். மோடை மாற்றப் பின்பக்கம் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக், இரண்டே அழுத்தம். தினமும் இரண்டு முறை மோடு மாற்றப் போகிறவனுக்கு இது, பிக்சல் 1 மில்லி செகண்டில் நிறம் மாறும் என்ற விளம்பரத்தைவிடப் பெரிய விஷயம்.

சரி, மானிட்டர் வந்தது. முதலில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழு ஸ்கிரீனையும் ஒரே நிறத்தில் நிரப்பி, செத்த பிக்சல் இருக்கிறதா என்று தேடினேன். வலது கீழ் மூலையில் ஒரு கறும்புள்ளி. நெஞ்சு பகீர் என்றது. மெல்லிய துணியால் தொட்டதும் புள்ளி துணியோடு வந்துவிட்டது. தூசி.

அடுத்த அரை மணி நேரம் எனக்குப் பெருமை சேர்க்காது. பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளையே சொருகியிருந்தேன். படம் வந்தது. ஆனால் கறுப்பு சாம்பலாக, எல்லாமே சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்த மாதிரி. "ஐபிஎஸ் கறுப்பு இவ்வளவு மோசமா?" என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்து உற்றுப் பார்த்தபோதுதான் துப்புக் கிடைத்தது. எழுத்தின் படுக்கைக் கோடுகள் கூர்மையாக இருந்தன. செங்குத்துக் கோடுகள் மட்டும் பக்கவாட்டில் ஈரம் ஊறியது போலக் கலங்கியிருந்தன. பேனலில் பழுதென்றால் இப்படித் திசை பார்த்து வராது. நிறத் தகவலை இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைத்து அனுப்பும் 4:2:2 முறையில், டிவிக்கு அனுப்புவது போல, கார்டு படம் அனுப்பிக் கொண்டிருந்தது. அதோடு 0 முதல் 255 வரை போக வேண்டிய அளவை 16 முதல் 235 வரைக்குள் சுருக்கியும் அனுப்பியது. சாம்பல் கறுப்புக்குக் காரணம் அதுதான். கார்டின் கன்ட்ரோல் பேனலில் ஆர்ஜிபி, முழு அளவு என்று மாற்றியதும் ஒரே நொடியில் திரை விலகியது போல ஆயிற்று.

கேபிளையும் மாற்றினேன். எச்டிஎம்ஐ 2.0-இன் பயனுள்ள வேகம் நொடிக்கு 14.4 கிகாபிட். 1440 ரெசல்யூஷனில் 8 பிட் நிறத்தோடு 144 ஹெர்ட்ஸ் வரை அதில் ஒருமாதிரி அடங்கும், 165 அடங்காது. டிஸ்பிளேபோர்ட் 1.4-இல் 25.92 கிகாபிட், 10 பிட்டோடு 165-உம் போகும். பெட்டிக்குள்ளேயே அந்தக் கேபிள் இருந்தது, நான்தான் பிரிக்கச் சோம்பல்பட்டிருந்தேன்.

அன்று மாலை தம்பி வந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே அண்ணா" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸ். புது மானிட்டரைச் சொருகினால் விண்டோஸ் பெரும்பாலும் 60-இல்தான் தொடங்கும். நாம் போய் மாற்ற வேண்டும். 165-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு மவுஸை வட்டமாகச் சுற்றினேன். அம்பின் தடங்கள் நெருங்கி வந்தன. தம்பி மவுஸைப் பிடுங்கிக் கொண்டான்.

இரண்டு நாள் கழித்து நிறம். ஸ்கிரீனின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடானபின், ஸ்கிரீனின் நடுவில் அதைத் தொங்கவிட்டு டிஸ்பிளேகால் மென்பொருளை ஓட்டினேன். இலக்கு: வெள்ளை 6500 கெல்வின், காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற கணக்கு) 2.2, பிரைட்னஸ் 120 நிட். பெட்டியிலிருந்து எடுத்தபடி பிரைட்னஸ் 300 நிட்டுக்கு மேல், வெள்ளை 7000-ஐத் தாண்டி நீலம் பாரித்திருந்தது. முதலில் பிரைட்னஸை இறக்கினேன். 31-இல் 120 நிட் கிடைத்தது. அப்புறம் நீலத்தைக் கொஞ்சம், பச்சையை இம்மி அளவு குறைத்தேன். மென்பொருள் காட்டும் மூன்று பட்டைகளும் நடுக்கோட்டில் வந்து நிற்கும் வரை ஜாய்ஸ்டிக்கோடு மல்லுக்கட்டு. அளந்து முடித்தபோது சராசரி டெல்டா ஈ, அதாவது காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம், 1-க்குக் கீழே. 2-க்குள் இருந்தாலே பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம்.

முடிந்தவரை எல்லாத் திருத்தத்தையும் மானிட்டரின் சொந்தப் பொத்தான்களிலேயே செய்ததற்குக் காரணம் உண்டு. மென்பொருள் மூலம் கார்டில் ஏற்றும் திருத்த வளைவை, ஃபுல் ஸ்கிரீனில் திறக்கும் சில கேம்கள் தூக்கி எறிந்துவிடும்; கேமை மூடினாலும் சில சமயம் அது திரும்பி வராது. மறுநாள் காலை வெள்ளை நிறம் மாறியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. மானிட்டருக்குள்ளேயே வெள்ளையைச் சரிசெய்துவிட்டால் எந்தக் கேமும் அதைத் தொட முடியாது. மென்பொருளுக்கு மிஞ்சுவது சின்ன ஒட்டுவேலைதான்.

கேமுக்குத் தனி மோடு வைத்தேன்: முழு நிறப் பரப்பு, 200 நிட். பி3-இன் அந்த அதீதச் சிவப்பு கேமில் எனக்குப் பிடித்திருக்கிறது. துல்லியமில்லைதான், டிராகன் வாயில் வரும் நெருப்புக்குத் துல்லியம் எதற்கு? ஓவர்டிரைவ்தான் இங்கே பார்க்க வேண்டியது. பிக்சலை வேகமாக நிறம் மாற வைக்க மின்னழுத்தம் கூட்டிக் கொடுப்பது அது. டெஸ்ட்யுஎஃப்ஓ தளத்தில் பறக்கும் தட்டை ஓடவிட்டு ஒவ்வொரு நிலையாகப் பார்த்தேன். அணைத்து வைத்தால் தட்டுக்குப் பின்னால் மங்கலான நிழல். உச்சத்தில் வைத்தால் நிழல் போய், அதற்குப் பதிலாகத் தட்டின் வாலில் வெளிறிய ஒளிவட்டம்: இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற பிக்சல். பெட்டியில் அச்சடித்த "1 மில்லி செகண்ட்" கிடைப்பது அந்த உச்ச நிலையில்தான், யாரும் பார்க்கச் சகிக்காத அந்த நிலையில். நடுநிலையில் விட்டேன். 165-க்குப் பொருந்தும் ஓவர்டிரைவ், ஃபிரேம் 60-க்கு இறங்கும்போது அதிகப்படியாகிவிடும் என்பதால் கனமான கேம்களுக்கு இன்னும் ஒரு படி குறைப்பேன்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரை ஒரு நாள் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டேன். என் மானிட்டரில் இருப்பது போன்ற டிஸ்பிளேஎச்டிஆர் 400 முத்திரைக்குப் பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்க வைக்கும் வசதி கட்டாயமில்லை. முழு பேக்லைட்டும் ஒன்றாக ஏறினால் நிலவும் பிரகாசமாகும், இரவு வானமும் வெளுக்கும்.

வெளுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. இருட்டறையில் குகைக் காட்சி ஒன்றில், ஸ்கிரீனின் இரண்டு கீழ் மூலைகளும் வெள்ளி பூசியது போல மினுங்கின. ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதோ என்று பயந்து, தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மினுக்கமும் இடம் மாறியது. கசிவென்றால் தலை எங்கே இருந்தாலும் அங்கேயே நிற்கும். பார்க்கும் கோணத்தோடு நகர்ந்தால் அது ஐபிஎஸ் பேனலின் பிறவிக்குணம். நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்து, மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன வெள்ளை விளக்கு வைத்தேன். பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சத்தோடு வாழ்கிறேன்.

பிழை ஒன்று நடந்தது, மூன்றாவது வாரம். காலையில் மோடு மாற்ற மறந்து கேம் மோடிலேயே ஒரு மணி நேரம் லோகோ ஒன்றுக்கு நிறம் பார்த்தேன். சிவப்பு அதிகம் கத்துகிறது என்று குறைத்துக் கொண்டே போனேன். போனில் பார்த்தபோது காய்ந்த செங்கல் நிறம். அதிலிருந்து டெஸ்க்டாப் பின்னணியை வெறும் சாம்பலாக்கி, மூலையில் 220, 30, 40 என்ற சிவப்பில் ஒரு சின்னச் சதுரம் வைத்திருக்கிறேன். எஸ்ஆர்ஜிபி மோடில் அது சாதுவாக உட்கார்ந்திருக்கும். கேம் மோடு என்றால் கம்ப்யூட்டர் திறந்ததுமே கண்ணைக் குத்தும், கை தானாக ஜாய்ஸ்டிக்குக்குப் போகும்.

பழைய மானிட்டரைத் தூக்கிப் போடவில்லை. மேசை ஓரத்தில் இடத்தைச் சுருக்கி, செங்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். எந்த டிசைனையும் அனுப்புவதற்கு முன் ஒரு முறை அதில் இழுத்துப் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்களில் பாதிப் பேரிடம் அப்படிப்பட்ட ஸ்கிரீன்தான் இருக்கும். அதிலும் எழுத்து படிக்க முடிந்தால் அனுப்பிவிடுவேன். போன வாரம் வெளிர் சாம்பல் எழுத்தை அதில் பார்த்தேன். மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. இரண்டு படி அடர்த்தி கூட்டி அனுப்பினேன்.